‘மிஸ், நாளைக்கு லீவா?’: ஆசிரியர்கள் போனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் டெல்டாவில் எந்த ஆசிரியரின் போனும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சும்மா இருக்காது. நாகப்பட்டினத்தில் நாலு தூறல் விழுந்தால் போதும், மன்னார்குடியில் இருக்கிற பிள்ளை “மிஸ், நாளைக்கு லீவா?” என்று கேட்டுவிடும். கலெக்டரிடமே இன்ஸ்டாகிராமில் போய் லீவு கேட்டுக் கெஞ்சுகிற பிள்ளைகள் நம்மை மட்டும் விடுவார்களா என்ன. நாமும் “தெரியலப்பா, தூங்கு” என்று பதில் போடுவோம். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதற்கு அடுத்து ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் வரும், அப்புறம் “சாப்டீங்களா மிஸ்” வரும், மழை நின்று சம்பா வயலில் தண்ணீர் வடிந்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் நிற்காது. பல சிக்கல்கள் இப்படித்தான், கெட்ட எண்ணமே இல்லாத இடத்தில் ஆரம்பிக்கின்றன.

நம் பக்கத்தில் வாத்தியாருக்கும் பிள்ளைக்கும் நெருக்கம் புதுசு கிடையாது. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அந்த வீட்டிலேயே சாப்பிட்டுப் படித்தவர்களும் உண்டு. ஆனால் திண்ணையில் நடந்ததைத் தெருவே பார்த்தது. போனில் நடப்பதை அந்த இரண்டு பேரைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. அதனால் பிள்ளைகளிடம் பாசத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மறைவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதல் தவறு குரூப்பிலேயே இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவசரத்தில் வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். பள்ளி திறந்தாயிற்று, குரூப்கள் அப்படியே தொடர்கின்றன. சாதாரண குரூப்பில் உள்ள எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. பத்தாம் வகுப்பில் இருக்கிற பெண் பிள்ளைகள் அத்தனை பேரின் நம்பரையும், வகுப்புப் பையன்கள் எல்லோருக்கும், அவர்கள் வழியாக அவர்களுடைய அண்ணன்மார்களுக்கும் நாமே கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். பாதி வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். ராத்திரி பத்தரைக்கு அம்மா நம்பருக்குத் தெரியாத ஆண் குரல் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் படிப்பே நின்றுபோகலாம்.

சரி, என்ன செய்யலாம்? குரூப்பில் பெற்றோரைச் சேருங்கள், பிள்ளைகளை வேண்டாம். அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம் என்று செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று ஒரு வசதி இருக்கிறது, அதன் அறிவிப்புப் பகுதியில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, அதைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. அட்மினாக உங்களோடு இன்னொரு ஆசிரியரோ தலைமை ஆசிரியரோ கட்டாயம் இருக்கட்டும். பள்ளி வேலைக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பதில் வராது என்பதை ஜூன் மாதம் நடக்கும் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி இருங்கள், அவ்வளவுதான்.

தனியாக மெசேஜ் வந்தால் முகத்தில் அடித்தமாதிரி பேச வேண்டாம். “இதை நாளைக்கு வகுப்பில் கேளு, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்” என்று ஒரே வரியில் முடிக்கலாம். சந்தேகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் பதிலைப் பெற்றோர் குரூப்பில் போடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். டிஸப்பியரிங் மெசேஜ் வசதியைப் பிள்ளைகளோடு பேசும் எந்த இடத்திலும் போடாதீர்கள். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால், தானாக அழிந்துபோன பேச்சு உங்களைக் காப்பாற்றாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.எட். முடித்துவிட்டு இருபத்துமூன்று வயதில் தற்காலிக ஆசிரியராகவோ டியூஷன் சென்டருக்கோ வருகிறீர்கள், எதிரே உட்கார்ந்திருக்கிற பிளஸ் டூ பிள்ளைக்குப் பதினேழு. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே ரீல்ஸ், சிரிப்பது ஒரே மீம்ஸுக்கு. “சார்னு கூப்பிடாத, அண்ணான்னு கூப்பிடு” என்பது அங்கேதான் வருகிறது. அப்புறம் இன்ஸ்டாவில் ஃபாலோ ரிக்வெஸ்ட். ஏற்றுக்கொண்டால் உங்கள் நண்பனின் கல்யாணத்தில் நீங்கள் போட்ட ஆட்டம் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னவென்றால், அந்தப் பிள்ளை போடும் ஒவ்வொரு ஸ்டோரியையும் நீங்கள் பார்த்தீர்களா என்று அதற்குத் தெரியும். படத்துக்கு நீங்கள் போடும் ஒரு ஹார்ட், உங்களுக்கு விரல் பட்ட நேரம், அதற்கு ஒரு வாரத்து யோசனை. வகுப்பில் மற்றவர்களுக்கு அது வேறு கதை. பிள்ளைகளின் ரிக்வெஸ்டை ஏற்காதீர்கள், நீங்களாகப் போய் ஃபாலோ செய்யவே செய்யாதீர்கள். பள்ளியை விட்டுப் போய், பதினெட்டும் முடிந்த பிறகு வரட்டும். பதின்மூன்று வயதுக்குக் கீழே இன்ஸ்டாகிராம் கணக்கே வைத்திருக்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. ஏழாம் வகுப்புப் பிள்ளை உங்களுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினால் அதன் அம்மாவிடம் சொல்வதுதான் சரி.

“என் பொண்ணு மாதிரிதான் நினைக்கிறேன்” என்று ஒரு சமாதானம் அடிக்கடி காதில் விழுகிறது. உங்கள் பெண்ணுக்கு இன்னொரு வாத்தியார் ராத்திரி பதினொரு மணிக்குக் குட் நைட் அனுப்பினால் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதையே அந்த அப்பாவும் செய்வார். இது ஆண் ஆசிரியர், பெண் பிள்ளை என்ற கணக்கில் மட்டும் அடங்காது, பையன்களுக்கும் இதே அளவுகோல்தான். போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஆண், பெண் எல்லோரும்தான். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியாக விடாமல் தொடர்புகொள்வது 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். “அந்தப் பொண்ணும்தான் பதில் போட்டுச்சு” என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

அடுத்தது ரீல்ஸ் மோகம். திருக்குறளை ராகம் போட்டுச் சொல்லும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை, லீவு லெட்டர் எழுதத் தெரியாமல் அழும் பையன், ‘குறுவை’ என்று எழுதச் சொன்னால் ‘குருவி’ என்று எழுதின விடைத்தாள், எல்லாம் லைக் அள்ளும். பெயரை மறைத்துவிட்டேன் என்பீர்கள், கையெழுத்தை வகுப்பே அடையாளம் கண்டுகொள்ளும். அழுத பையன் ஒன்பதாம் வகுப்பு போகும்போதும் அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருக்கும். இலவச நோட்டு கொடுப்பதையும், அப்பா இல்லாத பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுப்பதையும் படம் எடுத்துப் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வாங்கிக் கொடுங்கள், போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொடுங்கள். ஆண்டு விழாப் படம் வேண்டுமென்றால் பள்ளிப் பக்கத்தில் போடட்டும், அதுவும் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, தனி முகமாக இல்லாமல் கூட்டமாக. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஸ்டேட்டஸ் விஷயத்தில் பலர் கவனமே எடுப்பதில்லை. உங்கள் நம்பரை வைத்திருக்கிற பெற்றோரும் பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள். சாதிச் சங்கப் போஸ்டரையோ ஒரு தலைவரின் படத்தையோ சாதிப் பெருமைப் பாட்டோடு நீங்கள் வைத்தால், வகுப்பில் வேறு தெருவிலிருந்து வரும் பிள்ளை அதற்கு அடுத்த நாள் உங்களிடம் சந்தேகம் கேட்குமா? பள்ளிகளில் சாதி மோதல் குறித்து ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பிள்ளை கயிற்றை அவிழ்க்க வேண்டும், நாம் மட்டும் ஸ்டேட்டஸில் கட்டிக்கொள்ளலாம் என்றால் எப்படி?

ரீசார்ஜ் போட்டுவிடுவது, ஜிபேயில் நூறு இருநூறு அனுப்புவது, பஸ் போய்விட்டது என்று பைக்கில் தனியாக ஏற்றிக்கொண்டு போவது, இவற்றைச் செய்யாதீர்கள். அவசரம் என்றால் வீட்டுக்கோ தலைமை ஆசிரியருக்கோ போன் போட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு “நமக்கு எதுக்கு வம்பு, இனிமே பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட பேசவே மாட்டேன்” என்று ஒதுங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறுதான். இயற்பியலில் சந்தேகம் கேட்க அந்தப் பிள்ளை வேறு எங்கே போகும்? கதவைத் திறந்துவைத்து, நாலு பேர் இருக்கிற வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

ஒரு பிள்ளை உங்களை நம்பி எதையாவது சொல்ல வரும் நேரம்தான் எல்லாவற்றையும்விடக் கனமானது. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்” என்று ஆரம்பிக்கும். சத்தியம் செய்துவிடாதீர்கள். “உனக்கு உதவி செய்யக்கூடியவங்க கிட்ட மட்டும் சொல்வேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் காவல் துறையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கிற நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம்வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்கு வராது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், சொன்ன வார்த்தையை அப்படியே தேதி போட்டு எழுதிவையுங்கள். அந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டாஃப் குரூப்பில் போடுவது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் வந்தாலும் நகர்ந்துவிடுங்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, இரண்டு எண்களையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள், பிள்ளைகளே கூப்பிடலாம்.

அப்புறம், மாற்றல் கலந்தாய்வில் வேறு ஊர் கிடைத்துப் போகிறவர்கள் ரிலீவ் ஆகும் அன்றைக்கே அட்மின் பொறுப்பை அடுத்த வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டுக் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பழைய பள்ளிக் குரூப் நாலைந்து இன்னும் உங்கள் போனில் கிடந்தால் இன்றைக்கே பார்த்து வெளியேறலாம்.