உறைந்த அருவிக்குப் புறப்படும் முன்: ஒருநாள் ஏற்றத்தைத் திட்டமிடுதல்

பதினோரு குளிர்காலங்களாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் பனிக்கட்டியில் ஏறிய நாட்கள். வலப்பக்கத்தில் அடிவாரம்வரை போய் ஏறாமல் திரும்பிய நாட்கள். இரண்டு பக்கங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நிரம்பிவருகின்றன. எங்களோடு புதிதாக வர விரும்புகிறவர்களுக்கு முதலில் வலப்பக்கத்தைத்தான் காட்டுவேன். எந்தக் கட்டத்திலும் தயக்கமின்றித் திரும்பிவிட வழி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் என் திட்டத்தைப் போடுகிறேன்.

பாறையில் போன ஆண்டு ஏறிய வழி இந்த ஆண்டும் அங்கேயே இருக்கும். உறைந்த அருவி ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கட்டுகிறது. வாரத்துக்கு வாரம் உருமாறுகிறது. காலையில் உறுதியாக நின்ற தூண் மாலையில் கீழே நொறுங்கிக் கிடக்கலாம். அதனால் நண்பர் சென்ற மாதம் சொன்ன விவரத்தை வைத்து இன்றைய ஏற்றத்தை முடிவுசெய்ய இயலாது.

கயிற்று வேலையும் பிலே கொடுப்பதும் (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பதும்) தெரிந்து, தகுதி பெற்ற வழிகாட்டி ஒருவரிடம் கோடரியையும், காலணிக்கடியில் மாட்டும் முட்சட்டமான கிராம்பானையும் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்னும் பழகாதவர்கள் முதல் பருவம் முழுவதையும் மேலிருந்து கட்டிய கயிற்றிலேயே கழிக்கட்டும். பனிக்கட்டியில் முன்னால் ஏறுபவர் விழக் கூடாது. விழும்போது கிராம்பானின் முன்முட்கள் பனிக்கட்டியில் சிக்கினால் கணுக்கால் முறியும். கைகளிலோ இரண்டு கூரிய கோடரிகள். கயிறு உயிரைக் காக்கலாம், காயத்தைத் தடுப்பதில்லை.

மூன்று இடங்கள், ஒரு வாரம்

ஒரே இடத்தைக் குறிவைத்துப் புறப்பட்டால், அங்கே நிலைமை சரியில்லாதபோது மனம் சாக்குத் தேட ஆரம்பிக்கும். எனவே திட்டத் தாளில் மூன்று இடங்களை எழுதுவேன். மூன்றும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு திசை நோக்கி இருக்க வேண்டும். வட அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த இடுக்குகளில் வெயில் படாமல் பனிக்கட்டி நீண்ட நாள் நிற்கும்; தெற்குப் பார்த்தவற்றில் தெளிவான வானம் உள்ள நாளில் முற்பகலுக்குள்ளேயே ஓரங்கள் பாறையிலிருந்து விடுபடத் தொடங்கும்.

உறைந்த அருவிகளின் கடினத்தை ‘டபிள்யூ.ஐ.’ (வாட்டர் ஐஸ், நீர் உறைந்த பனிக்கட்டி) என்ற அளவால் குறிப்பார்கள். மூன்றாம் படி என்றால் ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரிச் சாய்வு, இடையிடையே நின்று இளைப்பாற இடமுண்டு. நான்கில் செங்குத்தான பகுதிகள் வரும். ஐந்தில் செங்குத்து நீண்டு தொடரும். ஆனால் எண் ஒன்றுதான், பருவத்தில் அருவியின் முகங்கள் பல. தொடக்கத்தில் மெலிந்து கண்ணாடிபோல் இருக்கும் நான்காம் படி, பலர் ஏறிக் கோடரித் துளைகள் நிறைந்தபின் மூன்றைப் போல எளிதாகிவிடும். உங்களால் ஏற முடிந்ததற்கு ஒரு படி கீழே உள்ளதைப் பருவத்தின் முதல் நாளுக்குத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது பனிச்சரிவு. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நீர் எந்த இடுக்கு வழியாக இறங்கி உறைந்ததோ, அதே இடுக்கு வழியாகத்தான் மேலேயுள்ள வெண்பனியும் இறங்கும். கீழே நிற்கும் உங்களுக்கு அந்த மேல்சரிவு கண்ணில் படாது. வரைபடத்தை விரித்து, அருவியின் உச்சிக்கு மேலே 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த திறந்த சரிவு உண்டா என்று உயரக்கோடுகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பலகைப் பனிச்சரிவுகள், அதாவது ஒட்டிய பனியடுக்கு ஒன்றாகப் பெயர்ந்து சரிபவை, அந்தச் சாய்வில்தான் கிளம்புகின்றன. இருந்தால், புதுப்பனி விழுந்த பிறகும், காற்று பனியை வாரிச் சேர்த்த பிறகும் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

பனிச்சரிவு அறிக்கைகள் அபாயத்தை ஐந்து நிலைகளில் சொல்கின்றன. மூன்று நடுவில் இருப்பதால் ‘சுமார்’ என்று பலர் படித்துவிடுகிறார்கள். நிலைகள் ஏணிப்படிபோல் சம உயரத்தில் ஏறுவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் அபாயம் பன்மடங்காகிறது. உயிரைப் பறித்த பனிச்சரிவுகளில் பல இந்த மூன்றாம் நிலையில்தான் நடந்திருக்கின்றன. மேலே சரிவுள்ள இடங்களுக்கு மூன்றாம் நிலையில் நான் போவதில்லை. போகும் நாட்களிலும் ஒவ்வொருவரிடமும் புதையுண்டவரைச் சமிக்ஞையால் கண்டறியும் தேடுகருவி, துழாவும் கம்பி, மடக்கு மண்வாரி மூன்றும் இருக்கும். புதையுண்டவரை முதல் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீட்புக்குழு அதற்குள் வந்து சேராது. உடன் இருப்பவர்தான் மீட்புக்குழு.

வானிலையைப் பார்க்கும்போது நாளைய முன்னறிவிப்போடு, கடந்த பத்து நாட்களின் இரவு, பகல் வெப்பநிலையையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். உறைநிலைக்குச் சற்றுக் கீழே நிலையாக இருந்தால் பனிக்கட்டி மெழுகுபோல் இளகி, கோடரி ஒரே அடியில் இறங்கும். மைனஸ் 15-க்குக் கீழே அது கண்ணாடி ஆகிவிடும். அடித்த இடத்தில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழும். திடீர் வீழ்ச்சிதான் எல்லாவற்றிலும் மோசம். குளிரில் பனிக்கட்டி சுருங்குகிறது. மேலும் கீழும் ஒட்டி நடுவில் தனித்து நிற்கும் தூணுக்குச் சுருங்க இடமில்லாததால், இழுவிசை உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது.

இதை நான் ஒரு பிப்ரவரியில் காதால் கேட்டேன். முந்தைய நாள் மாலை மைனஸ் 2, விடிகாலையில் மைனஸ் 17. தூண் நீலமாக, கொழுத்து, அழகாக நின்றது. கோடரியால் ஒருமுறைதான் தட்டினேன். என் தோள் உயரத்தில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியது, துணி கிழிவதுபோன்ற ஓசையோடு. பிலே கொடுத்த தோழி எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோடரியை மெல்ல எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வெளியேறினோம். மறுவாரம் போனபோது அந்தத் தூண் வண்டியளவு துண்டுகளாக அடிவாரத்தில் கிடந்தது. அன்றிலிருந்து ஓரிரவில் பத்து டிகிரிக்கு மேல் வீழ்ந்தால் தனித்தூண் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்

பகல் குறைவு. எனவே காலையிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடாமல், மறையும் சூரியனிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மாலை 5.30-க்கு இருட்டுகிறது என்று கொள்வோம். வண்டிவரை நடக்க ஒன்றரை மணி நேரம். எதிர்பாராததற்கு ஒரு மணி நேரம். ஆக 3 மணிக்கு அடிவாரத்தை விட வேண்டும். கயிற்றில் இறங்க ஒரு மணி நேரம் என்றால் 2 மணிக்குத் திரும்ப வேண்டும். ஏற மூன்று மணி நேரம், ஆயத்தமாக அரை மணி நேரம், மேலே நடக்க இரண்டு மணி நேரம். காலை 8.30-க்கு நடை தொடங்க வேண்டும். அந்த 2 மணியை எல்லாரும் கைக்கடிகாரத்தில் அலாரமாக வைப்போம். உச்சிக்குப் பத்து மீட்டர்தான் மிச்சம் என்றாலும் அலாரம் அடித்தால் இறக்கம்தான்.

குழுவில் மூவர் இருப்பது எனக்குப் பிடிக்கும். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார், ஒருவர் உதவிக்குப் போவார். முந்தைய வாரமே ஓர் உடன்பாடு செய்துகொள்கிறோம்: ஒருவர் “வேண்டாம்” என்றால் மூவரும் திரும்புவோம், மலையில் வைத்துக் காரணம் கேட்கமாட்டோம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக்குழுவை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்று இடங்களையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் இல்லாத மலையில் உங்களைத் தேடுவார்கள்.

பையில் என்ன

கிராம்பானுக்கு நீண்ட கதை உண்டு. ஆஸ்கார் எக்கன்ஸ்டைன் 1908-இல் பத்து முட்களோடு அதை வடிவமைத்தார். லாரன்ட் கிரிவெல் 1929-இல் முன்னோக்கிய இரண்டு முட்களைச் சேர்த்தார். செங்குத்தில் நாம் நிற்பது அந்த இரண்டின் மேல்தான். அவை மழுங்கியிருந்தால் கால் நம்பிக்கையை இழக்கும், கை அளவுக்கு மீறி இறுகும், பத்து மீட்டரில் முன்கை வீங்கிவிடும். முந்தைய இரவு முட்களையும் கோடரி அலகையும் கை அரத்தால் தீட்டுங்கள். மின்சாரச் சாணைக்கல் வேண்டாம். சூட்டில் எஃகு தன் உறுதியை இழந்துவிடும். காலணி முழுக்க விறைப்பானதாக இருக்க வேண்டும். வளையும் காலணியிலிருந்து கிராம்பான் கழன்றுவிடும். வீட்டிலேயே மாட்டி உதறிப் பாருங்கள்.

ஐஸ் ஸ்க்ரூ எனப்படும் உள்கூடான திருகாணிகள் பத்து முதல் பன்னிரண்டுவரை எடுப்பேன். பெரும்பாலானவை 13 சென்டிமீட்டர்; நங்கூரத்துக்கு (குழு தன்னைக் கட்டிக்கொள்ளும் இடத்துக்கு) சில 16; மெல்லிய இடத்துக்கு இரண்டு 10; இறங்கும்போது துளையிட ஒரு 22. பற்களுக்கு மூடி போட்டே பையில் வையுங்கள். குழாயில் பனிக்கட்டி சிக்கினால் பாறையில் தட்டாதீர்கள், பல் மழுங்கிவிடும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் தானே நழுவும். கயிறு நீர் உறிஞ்சாத பூச்சுள்ளதாக இருக்கட்டும். நனைந்து உறைந்த கயிறு கம்பிபோல் விறைத்து பிலே கருவிக்குள் நுழைய மறுக்கும். தானாகப் பூட்டும் சில கருவிகளில் வழுக்கவும் செய்யும்.

கையுறைகளை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நான்கு ஜோடி: நடக்க மெல்லியது, ஏற நடுத்தரமானது இரண்டு, நின்று பிலே கொடுக்கத் தடித்தது. முதல் குளிர்காலத்தில் ஒரே ஜோடியோடு போனேன். தலைக்கு மேலே தூக்கிய கைகளில் ரத்தம் வற்றி, விரல்கள் மரத்துப்போயின. நின்றதும் ரத்தம் திரும்பிய அந்த ஐந்து நிமிடம், குமட்டலோடு, கண்ணீர் தானாக வழிந்த வலி. அதைத் தவிர்க்க வழி உண்டு: நடையில் வியர்க்கவிடாதீர்கள், நனைந்த ஜோடியை உடனே மாற்றுங்கள், ஏறும்போது ஒவ்வொரு சில அடிக்கும் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். பிடியைத் தளர்த்துவது எல்லாவற்றிலும் முக்கியம்.

உடையில் பருத்தி கூடாது. நின்றவுடன் மேலே போட்டுக்கொள்ளப் வெப்பம் காக்கும் பெரிய, தடித்த மேலங்கி வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்து உறையத் தொடங்குவதால் மூடி அடைபடாது. தலைவிளக்கும் கைபேசியும் உடலை ஒட்டிய பையில்.

அடிவாரத்தில்

ஹெல்மெட்டை அருவி தெரிந்தவுடனேயே போட்டுக்கொள்ளுங்கள். மேலே வேறு குழு ஏறிக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கீழே நுழையாதீர்கள். எவ்வளவு கவனமாக ஏறினாலும் பனிக்கட்டி பெயர்ந்து விழத்தான் செய்யும். வழியில் மோதிச் சிதறும். அங்கேதான் இரண்டாம் இடம் கைகொடுக்கிறது.

பிறகு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், கேளுங்கள். நீலம் என்றால் பெரும்பாலும் அடர்த்தியானது. வெண்மை என்றால் காற்று கலந்தது, திருகாணி அவ்வளவு தாங்காது. உள்ளே நீர் ஓடும் சத்தம் பலமாகக் கேட்டால் பனிக்கட்டி பாறையோடு ஒட்டவில்லை என்று எடுத்துக்கொள்வேன். தட்டும்போது பானைபோல் ஒலித்தால் உள்ளே வெற்றிடம். பிலே கொடுப்பவர் நேர்கீழே நிற்காமல் பக்கவாட்டில், முடிந்தால் பாறைக்குடையின் அடியில் நிற்க வேண்டும். இடம் பிடிக்கச் சோம்பல்பட்டு நடுவில் நின்ற நல்ல ஏறுநர்கள் தோள் உடைந்து திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

இறங்கும் வழியை ஏறும் முன்பே முடிவுசெய்யுங்கள். பக்கத்தில் நடந்து இறங்க முடிந்தால் அதுவே நல்லது, அந்தச் சரிவும் பாதுகாப்பானதாக இருந்தால். இல்லையென்றால் உயிருள்ள உறுதியான மரத்தைப் பற்றிக் கயிற்றில் இறங்கலாம். அதுவும் இல்லையென்றால் சோவியத் மலையேறி விட்டாலி அபலகோவின் பெயரால் வழங்கும் துளை: 22 சென்டிமீட்டர் திருகாணியால் சாய்வாக இரண்டு துளைகள், உள்ளே சந்திக்கும்படி, அதன் வழியே சிறுகயிற்றைக் கோத்து முடிச்சு. இதைத் தரைமட்டத்தில் நின்று இருபது முறையாவது போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். முதலில் இறங்குபவருக்கு ஒரு திருகாணியைத் துணைக்கு வைத்து, கடைசியாக இறங்குபவர் அதைக் கழற்றிக்கொள்ளட்டும். கயிற்றின் இரு முனைகளிலும் முடிச்சு இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

வீடு திரும்பியதும் களைப்பில் பையை மூலையில் போட்டுவிடாதீர்கள். திருகாணிகளையும் கிராம்பானையும் துடைத்து உலர்த்துங்கள், இல்லையென்றால் காலையில் துரு. கயிற்றைச் சூடு படாத இடத்தில் விரித்துவிடுங்கள். பிறகு நோட்டில், இடமோ வலமோ உரிய பக்கத்தில், நான்கு வரி: காலை வெப்பநிலை, பனிக்கட்டியின் நிறம், எத்தனை திருகாணி போட்டீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள். ஏறாமல் வந்திருந்தால் யார் முதலில் “வேண்டாம்” என்றார், எதைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள்; அடுத்த பயணத்துக்கு வரைபடத்தை விரிக்கும்போது நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.