பிக்கப் லைனர்: ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

டொராண்டோவில் குளிர்காலம் என்றால் சாலையெல்லாம் உப்பு. அந்த உப்புத் தண்ணீர் பிக்கப்பின் பின்பெட்டியில் தேங்கி வண்டியைத் தின்னக்கூடாது என்றுதான் ஸ்ப்ரே லைனர் அடித்தேன். பெட்டியின் உள்பக்கம் முழுக்கத் தெளித்து, ஒட்டி இறுகவிடும் தடித்த பூச்சு அது. இரண்டாவது குளிர்காலம் முடிந்தபோது டெயில்கேட், அதாவது பின்பெட்டியின் பின்கதவுப் பக்கத்து ஓரத்தில் சின்னதாக ஓர் உப்பல் தெரிந்தது. நகத்தை உள்ளே விட்டு இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிவதுபோல் கையோடு வந்துவிட்டது. அடியில் ஈரம், ஈரத்துக்கு அடியில் செம்மண் நிறத்தில் துரு. துரு பிடிக்காத இடத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கம்பெனி பெயிண்ட் அங்கே கண்ணாடிபோல் பளபளத்தது. உப்புத்தாள் பட்டதற்கான ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பளபளப்பின் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

நான் செய்த முதல் தவறு, 'எந்த பிராண்ட் நல்லது?' என்று மட்டும் விசாரித்தது. ரைனோ லைனிங்ஸா, லைன்-எக்ஸா என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டேன். இரண்டுமே ஊருக்கு ஊர் தனித்தனிக் கடைக்காரர்கள் மூலமாகத்தான் அடிக்கப்படுகின்றன. தெளிக்கிற லைனர் மருந்து ஒன்றாக இருக்கலாம், அடிக்கிற கை வேறு. கேட்க வேண்டிய கேள்வி, 'அடிப்பதற்கு முன் என்னென்ன செய்வீர்கள்?' என்பதுதான்.

சரியாகச் செய்கிறவர்கள் முதலில் கொக்கிகள், பிளாஸ்டிக் மூடிகள், கழற்ற முடிந்த போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி வைப்பார்கள். பிறகு எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு, சிலிக்கான் எல்லாம் போகக் கழுவுவார்கள். புது வண்டியாக இருந்தாலும் இது கட்டாயம். ஷோரூமில் பாலிஷ் போட்டிருந்தால், அதன் மேல் எந்த லைனரும் நிற்காது. அப்புறம்தான் முக்கியமான வேலை: 80 கிரிட் (சொரசொரப்பு அதிகமான) உப்புத்தாளோ கம்பிப் பிரஷ்ஷோ வைத்து, பெயிண்டின் பளபளப்பு சாகும்வரை தேய்ப்பது. தரையில் மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகளின் பக்கவாட்டு, மூலைகள், டெயில்கேட்டின் உள்மடிப்பு இங்கெல்லாம் மெஷின் போகாது, கையால்தான் தேய்க்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் விட்டுவிடுவதும் இந்த இடங்களைத்தான். என் வண்டியில் உரிய ஆரம்பித்தது உள்மடிப்பை ஒட்டித்தான். தேய்த்தபின் சால்வென்ட் போட்டுத் துடைத்து, வெறும் உலோகம் தெரிகிற இடத்தில் பிரைமர் அடித்து, லைனர் படக்கூடாத இடங்களைச் சுற்றி மறைப்புத் தாள் ஒட்டுவார்கள். ஸ்ப்ரே அடிப்பது சில நிமிட வேலை. முன்வேலைக்குத்தான் மணிக்கணக்கில் ஆகும். 'விட்டுவிட்டுப் போங்கள், ஒரு மணி நேரத்தில் தருகிறோம்' என்று ஒரு கடை சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் துருவை மறைக்க லைனர் அடிப்பது அடுத்த தவறு. மேலே மூடிவிட்டால் துரு நின்றுவிடாது. ஓரத்திலோ அடிப்பக்கத்திலோ ஈரம் நுழைய வழி கிடைத்தால் உள்ளுக்குள்ளேயே பரவும், கண்ணுக்கும் தெரியாது. வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதோடு, உங்கள் பின்பெட்டி எதனால் ஆனது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா டகோமாவில் 2005 மாடல் முதல் பின்பெட்டியின் உள்பக்கம் காம்போசிட், அதாவது இழை கலந்த பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. ஃபோர்டு எஃப்-150 2015 மாடல் முதல் அலுமினிய பாடி. அதில் செந்துரு வராது, ஆனால் இரும்பு போல்ட்டும் உப்பு நீரும் அலுமினியத்தோடு சேருமிடத்தில் அரிப்பு வரும்.

லைனர் மருந்தில் இரண்டு வகை உண்டு. பாலியூரியாவா பாலியூரித்தேனா என்ற விவாதம் முடியவே முடியாது. பாலியூரியா சூடாக, அதிக அழுத்தத்தில் அடிக்கப்பட்டு சில நொடிகளில் இறுகும். பாலியூரித்தேன் கொஞ்சம் நிதானமாக இறுகும். நன்றாக அடித்தால் இரண்டும் உழைக்கும். அதைவிட உங்கள் சரக்கு என்ன என்று யோசியுங்கள். மண்வெட்டியால் ஜல்லி அள்ளுபவருக்குக் கடினமான லைனர் நல்லது. ஃபிரிட்ஜ், பெட்டி என்று ஏற்றுபவருக்குச் சற்று மென்மையானது வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் சரக்கு வழுக்கி ஓடும். தடிமனைக் கடைகளில் 'மில்' கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தரையில் 125 மில் என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கடும் வேலைக்குப் போதும். பக்கச் சுவரில் குறைவாக இருந்தால் பரவாயில்லை. வெயிலில் சாதாரண லைனர் கருமை போய்ச் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். வெயில் தாங்கும் மேல்பூச்சு உண்டா, வாரண்டியில் வெளுப்பு சேருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் மிச்சம் என்று வீட்டிலேயே அடிக்க நினைப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இந்த மருந்துகளில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். உடம்பு ஒருமுறை அதற்கு எதிர்ப்புக் காட்டத் தொடங்கிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பிக்கப் லைனர் ஸ்ப்ரே வேலையில் ஆஸ்துமாவும் மரணமும் நேரக்கூடும் என்று 2006-இல் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டது. பூட்டிய கராஜில் சாதாரண மாஸ்க்கோடு செய்கிற வேலை அல்ல இது. தயவுசெய்து வேண்டாம்.

பின்பெட்டிக்கு மூடியோ ஃபிஃப்த் வீல் ஹிட்ச்சோ (டிரெய்லர் இழுக்கப் பின்பெட்டிக்குள் பொருத்தும் இணைப்பு) மாட்டப் போகிறீர்கள் என்றால் அடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விளிம்பின் மேலே ஏற்றி அடித்தால் சில மூடிகளின் கிளாம்ப் சரியாக உட்காராது. வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இன்னொன்று, பெட்ரோல் கேனைப் பின்பெட்டியில் வைத்தபடியே நிரப்பாதீர்கள். பிளாஸ்டிக் லைனர் மேல் இருக்கும் கேனில் நிலைமின்சாரம் சேர்ந்து தீப்பற்றும் என்று அதே நியோஷ் 1998-இலேயே எச்சரித்தது. ஸ்ப்ரே லைனரும் மின்சாரத்தைக் கடத்தாத பொருள்தான். கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

என் வண்டியின் லைனரை முழுக்கச் சுரண்டி எடுக்க, முதலில் அடித்ததைவிட அதிகச் செலவானது. இரண்டாவது தடவை வேறு கடை. ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் கூப்பிடச் சொல்லியிருந்தேன், கூப்பிட்டார்கள். பின்பெட்டி முழுக்க மங்கிய சாம்பல் நிறம், எங்கேயும் வெளிச்சம் பட்டு மின்னவில்லை. டெயில்கேட்டின் உள்மடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. சரி, அடியுங்கள் என்றேன்.