பேரதிர்ச்சிக்குப் பின் ‘நான் யார்’: ஆய்வு செய்வது எப்படி?

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள். "2004 சுனாமியில் பிள்ளையை இழந்த நாகப்பட்டினம் மீனவத் தாய்மார் இன்று தங்களை யாராகச் சொல்கிறார்கள்?" என்ற அளவுக்குக் குறுகினால்தான் வேலை நடக்கும். பங்கேற்பவருக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும்வரை ஒருவரையும் சந்திக்காதீர்கள்.

பலரும் சறுக்குவது கேள்விகளின் வரிசையில். "நான்…" என்று தொடங்கும் 20 வாக்கியங்களை நிரப்பும் சோதனை முதலில் வரட்டும். சுனாமிப் பேச்சை எடுத்தபின் கொடுத்தால் பதில்கள் அதன் சாயலிலேயே வரும். அது நிலைத்த அடையாளமா, அப்போது கிளறிய நினைவா என்று பிரிக்க முடியாது. பங்கேற்பவரிடம் ஒப்புதல் பெறும்போது தலைப்பை மறைக்கவும் கூடாது. ஆகவே ஒப்புதல் ஒரு நாள், சோதனை இன்னொரு நாள் என வைப்பது நல்லது. எழுதப் பழகாதவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

பிறகு 2006இல் வெளியான ‘நிகழ்வு மையத்தன்மை’ அளவுகோல்; ஒரு நிகழ்வு ஒருவரின் அடையாளத்தில் எவ்வளவு மையமாகிவிட்டது என்பதை அளப்பது. 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 7 கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. தமிழாக்கியதை வேறொருவர் மூலம் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள், ஊர்க்காரர் சிலரிடம் வாசித்தும் பாருங்கள். அதிக மதிப்பெண்ணும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த அறிகுறிகளும் சேர்ந்தே வரலாம். ஒருமுறை அளந்ததை வைத்து எது எதற்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

நேர்காணலை இழப்பில் தொடங்காமல் சிறுவயதில் தொடங்குங்கள். அவர் தடுமாறினால் பதிவை நிறுத்துங்கள், தரவு போனாலும் பரவாயில்லை. கிளம்பும்முன் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள்.