புதிய போலித்தேள் என்று அறிவிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் தூங்குமூஞ்சி மரங்களின் பட்டையை விலக்கியும் உதிர்ந்த இலைக்குப்பையைச் சலித்தும் போலித்தேள்களைச் சேகரிக்கும் இளைஞர்கள் இப்போது கூடி வருகிறார்கள். ஓசூரிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் வந்து இங்கே ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்கள் சிலர், கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் என்னிடம் காட்டுவதுண்டு. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, வாலோ நஞ்சுக் கொடுக்கோ இல்லாத இந்த உயிரிகளில் உலகெங்கும் ஏறத்தாழ 4,000 சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. விவரிக்கப்படாதவை இன்னும் நிறைய உண்டு என்பதால் அவர்களுடைய ஆர்வம் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எங்கள் தலைமுறை செய்த பிழைகளே அவர்களுடைய பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. சீட்டில் இடமும் தேதியும் எழுதாமல் விடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

இளம் உயிரியை முதிர்ந்ததாக எண்ணுவது

போலித்தேள் முட்டையிலிருந்து வந்தபின் புரோட்டோநிம்ஃப், டியூட்டோநிம்ஃப், ட்ரைட்டோநிம்ஃப் என்ற மூன்று இளம் பருவங்களைக் கடந்தே முதிர்கிறது. இடுக்கியின் விரல்களில் நிற்கும் நீண்ட உணர்மயிர்களான ட்ரைக்கோபோத்ரியங்கள் ஒவ்வொரு பருவத்திலும் கூடுகின்றன. பொதுவாக அசையா விரலில் 3, 6, 7, 8 என்றும், அசையும் விரலில் 1, 2, 3, 4 என்றும் அந்த எண்ணிக்கை ஏறும். வகைப்பாட்டில் இம்மயிர்களின் எண்ணிக்கையும் அமைவிடமும் பேரினத்தையே தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமானவை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அண்மையில் ஒரு மாணவர் வரைபடங்களுடன் முழுமையாக எழுதி முடித்த கட்டுரையைக் கொண்டு வந்து, “அசையா விரலில் ஏழு, அசையும் விரலில் மூன்று. பேரினமே புதிது, மேடம்” என்றார். பெயரும் சூட்டி, அந்தப் பெயருக்கு அடிப்படையாகும் மூல மாதிரியான ஹோலோடைப்பையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். லாக்டிக் அமிலத்தில் தெளிவாக்கிய வயிற்றின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். இனப்பெருக்கத் துளையும் இல்லை, அதைச் சார்ந்த உள்ளுறுப்புகளும் இல்லை. அது ட்ரைட்டோநிம்ஃப்.

சீரிடியிடே குடும்பத்தைப் போலச் சிலவற்றில் முதிர்ந்த உயிரிக்கும் மயிர்கள் குறைவாகவே இருக்கும் என்பதை நன்கு படித்த மாணவர்களே இங்கு வாதமாக முன்வைக்கிறார்கள். அந்த விதிவிலக்கு உண்மைதான். அதனாலேயே மயிர்களை எண்ணும் முன் இனப்பெருக்கப் பகுதியைப் பார்த்து உயிரி முதிர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வரிசையை மாற்றினால், இடுக்கியின் நீள அகல விகிதம் உட்பட அதற்குப் பின் எடுக்கும் ஒவ்வோர் அளவும் வீணாகும். வளர்ச்சியோடு அந்த விகிதங்களும் மாறுபவை.

இந்தத் தவறு என்னை இன்றும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், அதன் செலவை எழுதியவர் ஏற்பதில்லை என்பதே. விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி, இளம் பருவத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காக மட்டும் ஒரு பெயர் செல்லாததாகிவிடாது. வெளியான பெயர் பட்டியலில் நிலைத்துவிடும். அதே காட்டிலிருந்து பின்னாளில் முதிர்ந்த உயிரிகளைச் சேகரிப்பவர், தம்முடையது அந்தப் பழைய பெயருக்கு உரியதா என்று ஹோலோடைப்பைத் தேடிப் போக வேண்டும். ஒரே பேரினத்தின் இரண்டு சிற்றினங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தால், அந்த நிம்ஃப் எதனுடையது என்று சொல்ல முடியாமலே போகலாம். ஒரே நாளில் பார்த்து முடித்திருக்கக்கூடிய ஒன்றுக்காக இன்னொருவருடைய மாதங்கள் கரைகின்றன.

ஆணும் பெண்ணும் இரண்டு சிற்றினங்கள் அல்ல

ஒரே இடத்தில் பருத்த இடுக்கியும் மெலிந்த இடுக்கியும் கிடைத்தால், முதலில் அவை ஆணா பெண்ணா என்று பாருங்கள்.

கண்ணாடியில் நசுக்குவது

ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் எடையில் இடுக்கி தட்டையானால் அதன் அகலம் கூடுகிறது. அப்படிப் பிறந்த “தனித்துவமான” விகிதங்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். குழியுள்ள ஸ்லைடைப் பயன்படுத்துங்கள், அல்லது கவர் ஸ்லிப்புக்கு அடியில் சிறு கண்ணாடித் துண்டுகளை வைத்துத் தாங்குங்கள். பார்த்து வரைந்து முடித்ததும் உறுப்புகளைச் சிறு குப்பியில் இட்டு, உடலோடு சேர்த்து எத்தனாலில் வையுங்கள். ஸ்லைடில் உறுப்புகளைப் பதிக்க உதவும் ஹாயர் திரவத்தில் நிரந்தரமாகப் பதித்தவை காலப்போக்கில் படிகமாகிப் பாழாகின்றன.

இந்திய எல்லைக்குள் மட்டும் ஒப்பிடுவது

கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைக் குறித்து எலிங்சன் 1914இல் எழுதியதையும், மூர்த்தியும் அனந்தகிருஷ்ணனும் 1977இல் இந்தியச் சிற்றினங்களைத் தொகுத்ததையும் மாணவர்கள் படித்துவிடுகிறார்கள். அதோடு நின்றுவிடுகிறார்கள். போலித்தேள்களில் பல, வண்டுகளின் உடலையும் ஈக்களின் காலையும் பற்றிக்கொண்டு இடம் மாறுபவை. சில மனிதருடைய சரக்கோடும் பயணித்தவை. மரப்பட்டைக்கு அடியில் கிடைத்த ஒன்று இலங்கையிலோ மியான்மரிலோ ஏற்கெனவே பெயர் பெற்றிருக்கலாம். வியன்னா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மாக்ஸ் பையர் ஆசியச் சிற்றினங்களைப் பெருமளவில் விவரித்தவர். அவருடைய ஜெர்மன் கட்டுரைகளை மொழிக்கு அஞ்சி ஒதுக்குபவர் இந்தத் துறைக்கு வராமலிருப்பது நல்லது. ஐயம் எஞ்சினால் மூல மாதிரியின் படங்களைக் கேட்டு அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை கட்டுரையை அனுப்பாதீர்கள்.

ஹோலோடைப்பை மேசை இழுப்பறையில் வைப்பது

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், புதிய சிற்றினத்தைக் கண்டறிந்தவர் அதை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஒப்படைத்துப் பதிவு எண்ணைப் பெற்று, அதைக் கட்டுரையில் குறிப்பிட்ட பிறகே இதழுக்கு அனுப்புங்கள்.