பேஸ்போலில் ஒரே துடுப்பாட்டக்காரர் மூன்றாம் முறை வரும்போது யாரை வீசவிடுவது?

ஒக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி ஆட்டம், திருகோணமலையில் விடிய 5.30. கோணேசர் மலைப்பக்கம் வெளுக்குமுன் பிளேன்ரீயோடு ஒரு கொப்பியையும் எடுத்து வையுங்கள். துடுப்பாட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். முதல் முறை தடுமாறியவர் இரண்டாம் முறை ஃபவுலாகவே (கோட்டுக்கு வெளியே) அடித்துப் பந்துகளைத் தின்றால், அவர் வீச்சைப் படித்துவிட்டார். மூன்றாம் முறைக்குப் புதிய வீச்சாளரைத் தயார்படுத்த வேண்டும்.

அப்படி எதுவும் தெரியாவிட்டால் மாற்றாதீர்கள். 2020 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடர்) 6ஆவது ஆட்டத்தில் டம்பா பே அணியின் வீச்சாளர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 பேரை ஸ்டிரைக் அவுட் (வீச்சாலேயே ஆட்டமிழக்க) செய்திருந்தார். அவரை எடுத்தார்கள், 1-0 என்ற முன்னிலை போய், டம்பா பே தோற்றது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இறுதிச்சுற்றுத் தொடருக்கான 26 பேர் பட்டியலில் காயம் முழுதாக ஆறாதவரைச் சேர்க்காதீர்கள். தொடரின் நடுவே காயத்தால் நீக்கப்பட்டவர் அடுத்த தொடரிலும் ஆட முடியாது.