மட்டக்களப்பில் கழுகு பார்ப்பது எப்படி (முதலில், அது கழுகு இல்லை)

மூன்று வருடத்துக்கு முன் கல்லடிப் பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்து, "வாவிக்கு மேலே மஞ்சள்முகப் பாறு!" என்று பறவை பார்க்கும் குழுவில் போட்டு அவமானப்பட்டவன் நான். அதே பிழையை நீங்கள் விடாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

பெயரிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் வானத்தில் வட்டமடிக்கிற பெரிய பறவை எதுவானாலும் கழுகுதான். செத்ததைத் தின்னும் மொட்டைத்தலைக் கழுகுக்குப் பாறு என்று தனிப் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றம் கோயிலில் குருக்கள் கையால் சோறு வாங்கித் தின்ற இரண்டு பறவையும் மஞ்சள்முகப் பாறு. அம்மம்மா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, எனக்கு அந்தப் பறவைமேல் ஒரு பைத்தியம்.

ஆனால் இலங்கையில் கூடு கட்டி வாழும் பாறு ஒன்றுகூட இல்லை. நிஜப் பாறு பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். இங்கே நாம் பார்க்கப்போவது, பாறு செய்கிற வேலையை இங்கே யார் யார் பங்குபோட்டுச் செய்கிறார்கள் என்பதை.

படி 1: சாமான்

எட்டு மடங்கு பைனாகுலர், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அது போதும். பத்து மடங்கு வாங்கச் சொல்வார்கள், வாங்காதீர்கள். கை நடுங்கினால் பறவையும் சேர்ந்து நடுங்கும். பெரிய கமராவும் ஆரம்பத்தில் வேண்டாம், கமரா உள்ளவன் பறவையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறான். ஒரு கொப்பி, ஒரு பேனை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல். பறவையை இனங்காட்டும் மெர்லின் செயலி போனில் இருந்தால் நல்லது. ஆனால் அதன் குரல் அறியும் வசதி இதற்கு உதவாது, உயரத்தில் சுற்றுகிற பருந்து அநேகமாக வாயே திறக்காது.

படி 2: இடமும் நேரமும்

வாவி தெற்கு வடக்காக நீண்டு கிடப்பது நமக்கு வசதி. காலையில் எழுவான்கரையில் (கிழக்குக் கரை) நின்று மேற்கே பாருங்கள், பின்னேரம் படுவான்கரையில் (மேற்குக் கரை) நின்று கிழக்கே பாருங்கள். இரண்டு நேரமும் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். திசை மாறி நின்றால் எல்லாமே கறுப்பு.

கீழே நடப்பதைப் பார்க்க, விடிந்து கரைவலை இழுக்கிற நேரத்தில் மீன்வாடிக்கு (கரையில் மீனவர் போடும் கொட்டில்) போங்கள். பாலமீன்மடுப் பக்கம், வாழைச்சேனைப் பக்கம், எதுவும் சரி. உயரத்தில் வட்டமடிப்பதைப் பார்க்க ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள். நிலம் சூடேறி வெப்பக்காற்று கிளம்பினால்தான் பெரிய பறவைகள் இறக்கை அடிக்காமல் மேலே ஏறும்.

படி 3: வானத்தில் எது எது

செம்பருந்து சுலபம்: செங்கல் நிற உடம்பு, வெள்ளைத் தலையும் நெஞ்சும். அதன் குஞ்சு முழுக்கப் பழுப்பாக இருக்கும். அதைக் கண்டு குழம்பினால் வால் நுனியைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் செம்பருந்து, நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து.

என்னைக் கவிழ்த்தது கடற்கழுகு. வெள்ளை உடம்பு, இறக்கையின் பின்பாதி கறுப்பு, ஆப்பு மாதிரி வால். மஞ்சள்முகப் பாறைப் பற்றி எந்தக் குறிப்பை வாசித்தாலும் இதே மூன்றும்தான் எழுதியிருக்கும்! நான் மூன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் படத்தைப் போட்டேன். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் பதிந்தபோது, அரிய பறவை, விவரம் எழுது என்று கேட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் இரண்டு பந்தி எழுதினேன்.

அடுத்த நாள் வாடியில் சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) ஐயாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கடல் ஆலா. நான் சின்னப்பிள்ளையில இருந்து பாக்கிறன்" என்றார். (புத்தகத்தில் ஆலா என்றால் வேறு, ஒல்லியான சின்னக் கடற்பறவை. வாடியில் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.)

அதற்குப் பிறகு நான் பார்க்கிற முறை இதுதான். முதலில் நிறத்தை மறந்துவிட்டு இறக்கையின் நிலையைப் பாருங்கள். கடற்கழுகு மிதக்கும்போது இரண்டு இறக்கையும் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், கிடுகுக் கூரையைப் புரட்டிப் போட்டதுபோல. பாறு இறக்கையைப் பலகைபோல் தட்டையாக வைக்கும். அப்புறம் வால்: கடற்கழுகுக்குக் கட்டை வால், அடியில் கறுப்பு, நுனியில் வெள்ளை. மஞ்சள்முகப் பாறுக்கு முழுக்க வெள்ளை, கொஞ்சம் நீளம். சரிந்து திரும்பும்போது முதுகு தெரிந்தால் இன்னும் நல்லது. சாம்பல் முதுகு என்றால் கடற்கழுகு, கதை முடிந்தது. தலையைக் கடைசியில் பாருங்கள். தூரத்தில் மஞ்சள் முகம் என்று நான் கண்டது வெயில்.

படி 4: கீழே என்ன நடக்கிறது

வாடியில் மீன் குடலை வீசும்போது கவனியுங்கள். காகம் இறங்கி நடந்து வந்து எடுக்கும். செம்பருந்து பெரும்பாலும் இறங்காது. தண்ணீரை ஒட்டித் தாழ வந்து ஒற்றைக் காலால் கொத்தாக அள்ளிக்கொண்டு, பறந்தபடியே காலைக் கழுத்துக்கு நேரே தூக்கிக் குனிந்து தின்னும். குடல் நீளமாகத் தொங்கினால் பின்னால் ஐந்தாறு காகம் துரத்தும்.

பெரிய சவத்தில் கதை வேறு. போன கச்சான் காலத்தில் (வறண்ட காற்று வீசும் காலம்) படுவான்கரையில் மச்சானின் மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில், வற்றிய குளக்கரையில் ஒரு பசு செத்துக் கிடந்தது. மருத மரத்தடியில் காற்று வரும் பக்கமாக உட்கார்ந்தேன் (மறுபக்கம் உட்கார்ந்து பாருங்கள், ஐந்து நிமிடம் தாங்க மாட்டீர்கள்). முதல் நாள் காகங்கள் கண்ணைத் தின்றன, அதற்குமேல் முடியவில்லை. மாட்டுத் தோலைக் கிழிக்கக் காகத்தின் அலகு போதாது. பொழுதுபட நாய்கள் வந்து வயிற்றைத் திறந்தன. மறுநாள் காலை ஒரு கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு), பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்து வந்து, தோள்வரை உள்ளே நுழைந்துவிட்டது. மூன்றாம் நாள் புழு, புழுவைத் தின்ன மைனா. ஆறாம் நாளும் தோலும் நாற்றமும் மிச்சம் இருந்தது.

பாறுக் கூட்டம் இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். தலையை உள்ளே விட்டுத் தின்பதற்கு மொட்டைத்தலை வசதி, இரத்தம் ஒட்ட இறகு இல்லை. மற்ற விலங்கைக் கொல்லும் கிருமியையும் செரித்துவிடுகிற அமிலம் அதன் வயிற்றில் இருக்கிறது. நாய் அப்படி இல்லை, தின்றுவிட்டு ஊருக்குள் வரும். இந்தியாவில் பாறுகள் அழிந்தபோது மிச்சமான சவத்தைத் தின்று தெருநாய் பெருகியது.

சவத்தைத் தொடாதீர்கள், கிட்டப் போகாதீர்கள். நாய் இரண்டுக்கு மேல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். படுவான்கரையில் பொழுதுபட முன் கிளம்புங்கள், யானை வரும்.

பிற்சேர்க்கை 1: பட்டி வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டார்: "மாட்டுக்கு ஊசி போடுறம், அது செத்தாப் பருந்துக்கு ஏதும் ஆகுமோ?" நல்ல கேள்வி. பாறுகளைக் கொன்றது டைக்ளோபெனாக் என்ற வலிமருந்து. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்துவிடும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004ல் இதைக் கண்டுபிடித்தது. 2006ல் இந்தியா மாட்டுக்கு அதைப் போடுவதைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99க்கு மேல் போய்விட்டது. மெலோக்சிகாம் என்ற இன்னொரு வலிமருந்து பாறுக்குப் பாதுகாப்பானது என்று தெரியவந்திருக்கிறது. அடுத்த முறை மிருக வைத்தியரிடம் அதைப் போடலாமா என்று கேளுங்கள்.

பிற்சேர்க்கை 2: பொத்துவில்லிலிருந்து ஒரு தங்கை படம் அனுப்பியிருந்தாள். "அண்ணா, இது மொட்டைத்தலை, கழுத்திலயும் இறகு இல்ல. இதாவது பாறா?" குளத்து ஓரத்தில் கூன் விழுந்த கிழவர்போல் நின்றது. காலைப் பாருங்கள் என்றேன். குச்சி மாதிரி நீண்ட கால், முன்னால் கத்தி மாதிரி நீண்ட அலகு. பெருநாரை அது. லகுகலை, குமணைப் பக்கம் காணலாம். மீனும் தவளையும் தின்னும், செத்ததை எப்போதாவதுதான் தொடும். பாறு இல்லையென்று அவளுக்குக் கவலை. எனக்கு அந்தப் பறவையை இன்னும் நேரில் பார்க்கவில்லையே என்று பொறாமை, வருகிற கிழமை பொத்துவில் பஸ் ஏறுகிறேன்.