ஃபூரெட் ஊருக்கு எந்த மாதம் போகலாம்: டெல்லியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஐரோப்பா டூர் என்றால் டெல்லியில் எல்லா ஏஜெண்டும் ஒரே தாளைத்தான் நீட்டுகிறார்கள், புடாபெஸ்ட்டில் இரண்டு ராத்திரி, வியன்னாவில் இரண்டு, பிராக்கில் இரண்டு, அவ்வளவுதான். அதில் இரண்டு மூன்று ராத்திரியைப் பிடுங்கி பாலட்டோன்ஃபூரெட்டுக்குக் கொடுங்கள் என்று ஆர்.கே.புரத்தில் என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புடாபெஸ்ட்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ஹங்கேரியின் பாலட்டோன் ஏரியின் வடகரையில் இருக்கும் பழைய மருத்துவ நீரூற்று ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் ஃபூரெட்.

என் அம்மா தென்காசிக்காரர். ஒரு ஜூலையில் அவரை அங்கே கூட்டிப் போனபோது, ஏரிக்கரையில் மரநிழலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம குற்றால சீசன் மாதிரில்ல இருக்கு" என்றார். எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியாது. உடம்புக்கு நல்லது என்று தண்ணீரைத் தேடி ஜனங்கள் வந்தார்கள், வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று பாட்டும் நாடகமும் நடனமும் வந்தன, அப்புறம் அதுவே விழாவாகிவிட்டது. 1772-இலேயே ஃபூரெட்டை மருத்துவ நீர்த்தலமாக அறிவித்துவிட்டார்கள். 1831-இல் ஹங்கேரிய மொழி நாடகங்களுக்கென்றே இங்கே ஒரு அரங்கு கட்டினார்கள், 1846-இல் ஏரியின் முதல் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது.

ஆகவே முதலில் எந்த விழாவுக்குப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால் ஜூலை கடைசிதான். ஜூலை 26 புனித அன்னாவின் நாள், அதை ஒட்டிய சனிக்கிழமை அன்னா நடன விழா நடக்கும். 1825-இல் ஹோர்வாத் குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பெண் அன்னா கிரிஸ்டினாவுக்காக முதல் நடன விருந்தை வைத்தார்கள், அங்கேதான் அவள் எர்னோ கிஷ் என்ற ராணுவ வீரனைச் சந்தித்து அவனையே மணந்தாள் என்று சொல்கிறார்கள். அந்த எர்னோ கிஷ் பின்னாளில் தளபதியாகி, ஹாப்ஸ்பர்க் என்ற ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சியை எதிர்த்த போரில் தோற்று, 1849 அக்டோபர் 6-ஆம் தேதி அராத் நகரில் கொல்லப்பட்ட 13 தளபதிகளில் ஒருவர். அந்தப் பதின்மூவரை ஹங்கேரியர்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைக்கிறார்கள். இது தெரிந்துகொண்டு போனால் வயலின் சத்தம் வேறு மாதிரி கேட்கும்.

நடன அரங்குக்குள் போக டிக்கெட் விலை அதிகம், ஆண்களுக்கு கறுப்பு சூட், பெண்களுக்குத் தரையைத் தொடும் கவுன் என்று உடைக் கட்டுப்பாடும் உண்டு. அதற்காக மனம் தளர வேண்டாம். விழா நடக்கும் அன்னா கிராண்ட் ஹோட்டல் ஜோஜ் தேர் என்ற சதுக்கத்தில்தான் இருக்கிறது (தேர் என்றால் அவர்கள் மொழியில் சதுக்கம், அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது). சாயங்காலமே போய் நின்றால் உடுத்திக்கொண்டு வருகிற ஜோடிகளைப் பார்க்கலாம், அந்த வாரம் சதுக்கத்திலும் நிகழ்ச்சிகள் இருக்கும். மறுநாள், நடன விழாவில் தேர்ந்தெடுத்த அந்த ஆண்டின் அழகியைக் குதிரை வண்டியில் ஊருக்குள் அழைத்து வருவார்கள், அதற்கும் டிக்கெட் கிடையாது. சனிக்கிழமை ராத்திரியே கிளம்பிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ராத்திரியும் தங்குங்கள்.

அதே ஜூலையில் பாய்மரப் படகுப் பந்தயமும் உண்டு. 1934-இல் தொடங்கிய கேக்ஸாலாக், அதாவது நீல ரிப்பன். நூற்றுக்கணக்கான படகுகள் ஃபூரெட்டிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பி ஏரியை முழுக்கச் சுற்றி வரும். கிளம்புகிற காலைதான் பார்க்க வேண்டியது, அதற்கு முன்கூட்டியே எழுந்து கரையில் இடம் பிடியுங்கள்.

ஆகஸ்ட் ஒயின் மாதம். போர்ஹெடெக் என்ற ஒயின் வாரங்களில் ஏரிக்கரை நடைபாதை முழுக்கச் சுற்றுவட்டாரத் திராட்சைத் தோட்டக்காரர்கள் கடை போட்டுவிடுவார்கள், ஓலாஸ்ரிஸ்லிங் என்ற வெள்ளை ஒயின்தான் இந்தப் பக்கத்தின் பெருமை. குடிக்காதவர்களும் போகலாம், பாட்டும் தீனியும் போதும். குடிக்கிறவர்கள் வாடகைக் காரை மறந்துவிடுங்கள், ஹங்கேரியில் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் 20 தேசிய நாள், கடைகள் மூடியிருக்கும், பால் பழம் ரொட்டியை முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

ஏரியில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. பாலட்டோன் சராசரியாக மூன்று மீட்டர்தான் ஆழம், குழந்தைகளுக்கு நல்லது, ஆனால் கோடையில் திடீரென்று புயல்காற்று வரும். கரையில் எச்சரிக்கை விளக்கு நிமிடத்துக்கு 45 தடவை மின்னினால் கரையோரமாகவே இருங்கள், 90 தடவை மின்னினால் தண்ணீரில் இருக்கவே கூடாது. தண்ணீர் அமைதியாகத் தெரிகிறதே என்று வாதாடாதீர்கள்.

இனி நவம்பர். நம் சித்தரஞ்சன் பார்க் வங்காள நண்பர்கள் இந்த ஊரைப் பற்றிப் பேசினால் நவம்பரைத்தான் சொல்வார்கள். 1926-இல் ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்த தாகூர் உடல்நலம் கெட்டு இங்குள்ள இதய மருத்துவமனையில் தங்கினார், நவம்பர் 8 அன்று ஏரிக்கரையில் ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டார். அந்த நடைபாதைக்கு இப்போது தாகூர் பெயர், அங்கே அவருடைய மார்பளவுச் சிலையும் உண்டு. இந்திரா காந்தி உட்பட இந்தியத் தலைவர்கள் சிலரும் பிறகு வந்து மரம் நட்டிருக்கிறார்கள். 1959-இல் நோபல் பெற்ற இத்தாலியக் கவிஞர் குவாஸிமோடோவும் இங்கே சிகிச்சைக்கு வந்து மரம் நட்டவர்தான், அவர் பெயரில் கவிதைப் போட்டி நடத்துகிறார்கள். மரத்தடிப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், நான் அங்கே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள், புது ஒயினும் கூஸ் என்கிற பெரிய வாத்தின் கறியும். அன்றைக்கு வாத்து சாப்பிடாதவன் ஆண்டு முழுக்கப் பட்டினி கிடப்பான் என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், கூட்டமும் புடாபெஸ்ட் அளவுக்கு இல்லை, ஆனால் டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் ஊரே அடைந்துவிடும். சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ளாமல் அன்றைக்குப் போகாதீர்கள். குளிர்காலத்தில் வெந்நீர்க் குளியல்தான் வேண்டும் என்றால் ஃபூரெட் அதற்கான இடம் இல்லை. இங்குள்ள ஊற்று குடிக்கிற ஊற்று. ஏரியின் மேற்கு முனைக்கு அருகில் ஹேவிஸ் என்ற ஊரில் ஒரு ஏரியே வெதுவெதுப்பாக இருக்கிறது, குளிர்காலத்திலும் இறங்கலாம். அதில் மிதக்கிற சிவப்பு அல்லி நம் நாட்டு வகை, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுபோய் வளர்த்தது.

ஃபூரெட் தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் வராதீர்கள். ஜோஜ் தேர் நடுவில் தூண்கள் வைத்த மண்டபம் இருக்கும், அதுதான் கொஷுத் ஊற்று, காசு கிடையாது. சோடா மாதிரி சுரீரென்று இருக்கும், பின்னாலேயே இரும்பு வாடை வரும். ஒரு காலி பாட்டில் கையில் இருக்கட்டும்.

சைவக்காரர்களுக்கு லாங்கோஷ் கைகொடுக்கும். கரோல்பாக்கில் சாப்பிடுகிற பட்டூராவின் தடித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே பூண்டுத் தண்ணீர், புளித்த கிரீம், துருவிய சீஸ். ஃபோஸெலேக் என்று ஒரு காய்கறிக் கூட்டு கிடைக்கும், ஆனால் அதன் மேல் கறித்துண்டை வைத்துத் தருவது வழக்கம், பன்றிக் கொழுப்பில் சமைப்பதும் உண்டு. "ஹூஷ் நேல்கூல்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம், அதை மனப்பாடம் செய்யுங்கள், கொழுப்பு உண்டா என்று தனியாகவும் கேளுங்கள். பாப்பி விதை, புளிப்புச் செர்ரி வைத்த ரேதெஷ் என்ற இனிப்பும் நன்றாக இருக்கும்.

விசா ஷெங்கன்தான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஜூலை விழா என்றால் பிப்ரவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள், ஏப்ரல், மேயில் டெல்லியே கோடை விடுமுறைக்கு வரிசையில் நிற்கும். செலவுக்கு யூரோ மட்டும் போதாது, அங்கே நாணயம் ஃபோரின்ட். மொழி கொஞ்சம் பழக வேண்டும் என்றால் டெல்லியிலேயே ஹங்கேரியின் லிஸ்ட் இன்ஸ்டிடியூட் கலாசார மையம் இருக்கிறது.

அறை பதியும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். திஸாஃபூரெட் என்று வேறொரு ஊர் நாட்டின் கிழக்கே இருக்கிறது, அங்கும் ஏரி, அங்கும் குளியல். நமக்கு வேண்டியது பாலட்டோன்ஃபூரெட். புடாபெஸ்ட்டில் தேலி என்ற ரயில் நிலையத்திலிருந்து வண்டி பிடியுங்கள், போகும்போது இடது பக்க ஜன்னல். இறங்கினால் ஏரிக்கரைக்குச் சுமார் இருபது நிமிட நடை, இறக்கம்தான், பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். அம்மாவோடு போனபோது நாங்கள் டாக்ஸி தேடாமல் அப்படித்தான் போனோம்.